தடித்த கம்பி

என் மனைவி ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறவள். நல்ல உயரமான குரல். கிள்ளானில் எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் பாடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசிப்பேன். வித்வான் எல்லாம் இல்லை, லோரி ஓட்டுகிறவன். தலைநகரத்துப் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் அவள் பாட்டு வகுப்புக்குப் போன காலத்தில் வெளியே காத்துக் கிடப்பேன். சும்மா கிடப்பானேன் என்று பக்கத்து அறையில் வயலின் வகுப்பில் சேர்ந்தேன். அப்படி வந்ததுதான்.

நம் பாட்டில் வயலினுக்கென்று சொந்தச் சுருதி கிடையாது. பாடுகிறவருக்கு எது வசதியோ அதற்குக் கம்பியை முறுக்கிக்கொள்ள வேண்டும். கடையில் விற்கிற சாதாரணக் கம்பி, பெண்கள் பாடுகிற உயரத்துக்குச் சரியாக நிற்கும். அதனால் இத்தனை வருஷமும் எனக்குக் கவலை இருந்ததில்லை. சுருதிப்பெட்டியைப் போடுவேன், கம்பியை முறுக்குகிற பிருடையைக் கொஞ்சம் திருப்புவேன், முடிந்தது.

போன வருஷம் அவளுக்குக் கழுத்தில் தைராய்டு ஆப்பரேஷன் ஆனது. உயிருக்கு ஒன்றும் பயமில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. மேலே போனால் வெறும் காற்றுதான் வந்தது. பழைய குரல் வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கோயிலில் பாடுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் காலையில் மட்டும் பாடிப் பார்ப்பாள். மூன்று கட்டையில்தான் நின்றது.

நானும் வயலினை மூன்றுக்கு இறக்கினேன். அங்கேதான் சிக்கல். மெல்லிய கம்பியை அவ்வளவு தளர்த்தினால் தொளதொளத்துப் போகும். வில்லை வைத்தால் கரகரக்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி நழுவிவிடும். ஆண்கள் பாட்டுக்கு வாசிக்கிறவர்கள் தடித்த கம்பி போடுவார்கள். அது இறக்கத்தில் கெட்டியாக நிற்கும். ஆனால் அதைத் திரும்ப ஐந்தரைக்கு ஏற்ற முடியாது. அறுந்துவிடும். இரண்டில் ஒன்றுதான்.

தடித்த கம்பி போட்டால், உன் குரல் இனி வராது என்று நானே அவளிடம் சொன்ன மாதிரி ஆகும்.

இருந்தாலும் பிரிக்ஃபீல்ட்ஸ் வாத்தியக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண், கம்பி வாங்க வருகிற எல்லாரிடமும் கேட்பதையே என்னிடமும் கேட்டாள்.

"அங்கிள், ஆம்பளப் பாட்டுக்கா, லேடீஸ் பாட்டுக்கா?"

ரோசின் கொடும்மா என்றேன். வில்லில் தேய்க்கிற பிசின் கட்டி. அடுத்த மாதமும் போனேன். அதே கேள்வி, அதே ரோசின். அதற்குப் பிறகும் போனேன்.

ஒரு ஞாயிறு காலை வயலினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் துடைக்கிற துணியை எடுக்க வயலின் பெட்டிக்குள் கையை விட்டாள். பிரிக்காத ரோசின் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"என்னங்க, ரோசின் கடை போடப் போறீங்களா?"

மலிவாகக் கிடைத்தது என்றேன்.

"பாசார்ல மலிவுன்னு ஒரு முட்டகூட வாங்கினதில்ல நீங்க."

நான் வில்லை வைத்தேன். கம்பி கரகரத்தது. அவள் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"மூணுல நான் நல்லாத்தான் நிக்கிறேன். நீங்கதான் நிக்கல."

தடித்தது போட்டால் அப்புறம் மேலே போக முடியாதே என்றேன்.

"தெரியும். போட்டுருங்க."

மறுநாள் இரண்டு பேருமாக ரயிலேறிப் போனோம். கடைப்பெண் வழக்கமான கேள்வியை ஆரம்பித்தாள். என் மனைவி முந்திக்கொண்டாள்.

"லேடீஸ் பாட்டுதான்லா. ஆனா ஆம்பளக் கம்பி குடு."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு எடுத்துக் கொடுத்தாள். ரோசின் வேண்டுமா அங்கிள் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் மனைவி அப்போதுதான் சிரித்தாள்.

எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது. கம்பியைத் தாங்குகிற குதிரை விழுந்துவிடும். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு முறுக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். அவள் குதிரை சாயாமல் விரலால் பிடித்துக்கொண்டாள். நான்கும் போட்டு முடிந்தது. சுருதிப்பெட்டியைப் போடக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவளே ஷட்ஜம் பிடித்தாள். அதற்குச் சேர்த்தேன். கம்பி நழுவவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பாடினாள். முதல் பாட்டு முடிந்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, தொண்டை இன்னும் சரியாகவில்லையா என்று கேட்டார்.

"சரியாயிருச்சுக்கா. இப்ப என் குரல் இதான்."

என்னைப் பார்த்தாள். அடுத்த பாட்டுக்கு வில்லை எடுத்தேன்.