சந்தையிலிருந்து வந்த பதில்கள்

சந்தைக்குப் போனால் என் கணவர் பாதிச் சாமானை மறந்துவிட்டு வருவார். எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தையே மறந்துவிடுவார். அதனால் என் போனில் வேலைப் பட்டியல் எழுதும் ஆப்பை ஒரு சாட்பாட்டோடு இணைத்தேன். கோடிங் எதுவும் தேவைப்படவில்லை. திரையில் இருந்த கட்டங்களைக் கோடு இழுத்துச் சேர்த்ததோடு சரி. நான் எழுதும் பட்டியல் அவர் போனுக்குப் போகும். அவர் "வாங்கியாச்சு" என்று பதில் போட்டால் இங்கே டிக் ஆகிவிடும். சாட்பாட்டுக்கு என் படத்தையே வைத்தேன்.

முதன்முதலாக அதை நம்பி அவர் காரிமங்கலம் சந்தைக்குப் போன அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. எதற்கென்று இப்போது நினைவில்லை, தப்பு அவர்மேல்தான். பட்டியலை அனுப்பிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், அவருடைய பதில்கள் எல்லாம் என் பட்டியலில் புது வேலைகளாகச் சேர்ந்திருந்தன. ஒரு கோட்டைத் தப்பான கட்டத்தில் சேர்த்திருக்கிறேன். படத்தைப் பார்த்து, நானே எழுதுவதாக அவர் நினைத்துக்கொண்டார்.

"தக்காளி நசுங்கிக் கெடக்குது, வாங்கட்டுமா?"

"பதில் போடு."

"இன்னும் கோவமா?"

"சரி, நாந்தான் தப்பு. மல்லிப்பூ வாங்கியாரேன்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'நாந்தான் தப்பு' என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை.

தக்காளி இல்லாமல், மல்லிப்பூவோடு வந்தார்.

"இத்தன மெசேஜ் போட்டேன், ஒண்ணுக்குக்கூட பதில் இல்ல."

"பாத்தேங்க," என்றேன்.

அந்த இணைப்பை நான் இன்னும் சரிசெய்யவில்லை.