சியாப் என்று சொன்ன வாய்

ஜாக்கிக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் வீல் ஸ்பேனர், அதற்கும் ஒரு பொட்டு. வாழை இலையில் பொரியும் கடலையும் பரப்பி, எங்கள் ஆம்புலன்சின் சாமான்களையெல்லாம் மாப்பிள்ளை மாதிரி அதன் முன் உட்கார வைத்திருந்தார்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்தபின் வந்த முதல் ஆயுத பூஜை அது. மலாக்காவில் எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

நான் அப்போது காயத்துக்குக் கட்டுப்போடும் சின்ன டிரசர். ஆம்புலன்சின் பின்பக்கம் நோயாளியோடு உட்கார்ந்து போவது என் வேலை. வண்டியை ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணன் என்போம். எங்களுக்கு மேலே பெரிய டிரசர். தினமும் காலையில் அவர் வராந்தாவில் நின்றபடி, "சியாப்?" என்று கேட்பார். தயாரா என்பதற்கு மலாய் வார்த்தை அது. அண்ணன் டயரைத் தட்டி, பேட்டரியைப் பார்த்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்காமல் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார். ஒருமுறை ஒரே ஒரு நட்டு லூசாக இருந்ததற்காகப் பெரிய டிரசரைக் கால்மணி நேரம் வெயிலில் காக்க வைத்தார். அண்ணன் "சியாப்" என்ற பிறகுதான் வண்டிப் புத்தகத்தில் பெரிய டிரசரின் கையெழுத்து விழும்.

அன்று மாலை சூடம் காட்டி முடிந்ததும் அண்ணன் ஜாக்கியை எடுத்து வண்டியில் வைக்கப் போனார். பெரிய டிரசர் பாய்ந்து வந்தார். "சாமிக்கு வச்சத நாளைக்கு மறுபூஜை பண்ணாம எடுக்கக்கூடாதுப்பா. வண்டி வேணும்னா போகட்டும், சாமானத் தொடாத." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா? ஜாக்கி இல்லாமல் ஆம்புலன்ஸ் ஓடக்கூடாது என்று தெரிந்த மூன்று பேர் அங்கே நின்றோம். பெரிய டிரசர் மட்டும்தான் வாயைத் திறந்தார்.

மறுநாள் காலையிலும் அவரே திறந்தார். பெரிய டிரசர் பட்டுவேட்டியில் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டே, "சியாப்?" என்றார்.

"ஐயா, சாமானெல்லாம் இன்னும் இலையிலதான் இருக்கு."

"வண்டி ஓடுதா இல்லையா?"

"ஓடுதுங்க."

"அப்புறம் என்னப்பா? சியாப்னு சொல்லு. நேரமாகுது லா."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஸ்ட்ரெச்சர் துணியை மடித்துக்கொண்டிருந்தேன், மடித்துக்கொண்டே இருந்தேன். "சியாப்" என்றார். கையெழுத்து விழுந்தது.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது. காஜா பெராங் பகுதியில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து ரத்தம் நிற்கவில்லை. பாதி வழியில் முன் டயர் பஞ்சர். மாற்று டயர் பின்னால் பத்திரமாக இருந்தது. காப்பிக்கடையிலிருந்து ஓடி வந்த சீனர்களும் மலாய்க்காரர்களும் வண்டியைக் கையாலேயே தூக்கிப் பிடிக்கத் தயாராக நின்றார்கள். நட்டைக் கழற்ற ஸ்பேனர் வேண்டுமே! சைக்கிள் கடையில் இருந்தது எதுவும் சேரவில்லை. கடைசியில் நானும் அண்ணனும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடினோம். காய்கறி லாரி ஒன்றை மறித்து அவளை ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது அவள் இல்லை. குழந்தை மட்டும் அவள் புருஷன் கையில் வீறிட்டுக் கொண்டிருந்தது.

விசாரணை வைத்தார்கள். கொடி மாறியிருந்தது, மேசைக்குப் பின்னால் உட்காரும் முகங்கள் மாறியிருந்தன. கீழே நிற்பவன் தலையில் பழியைக் கட்டும் வழக்கம் மட்டும் மாறவில்லை. பெரிய டிரசர் புத்தகத்தை விரித்துக் காட்டினார். "டிரைவர் சியாப்னு சொன்னதாலதான் நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். கூசாமல் சொன்னார். சொன்னாயா என்று அண்ணனைக் கேட்டார்கள். "சொன்னேங்க. என் வாய்தானே சொல்லுச்சு" என்றார். வேலையை விட்டு நீக்கினார்கள். அப்புறம் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் மணல் லாரி ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். பெரிய டிரசர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

அந்த மாலைக்காக அவர்மேல் எனக்குக் கோபம். வாதாடாமல் போனதற்காக அண்ணன்மேலும் கோபம். ஆனால் இப்போது வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றுக்காக. அன்று என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "காலையில் வண்டியில் சாமான் இருந்ததா?"

"நான் பின்பக்கம் மட்டும்தாங்க பார்ப்பேன்" என்றேன்.

அது பொய்யில்லை. அதனால்தான் அவர்கள் மேலே எதுவும் கேட்காமல் என்னைப் போகச் சொன்னார்கள்.