வீடு பார்க்க வந்தவர்களுக்கு ஆப்பிள் டார்ட்

முசியே ஓவ்ரேக்குத் தன் வீட்டை விற்கும் எண்ணமே கிடையாது. வீடு பார்க்க நாலு பேர் வந்துபோக வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். இது எனக்குப் புரியப் பதினேழு மாதம் ஆயிற்று. வீடு விற்றுக் கொடுப்பதுதான் என் தொழில். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் விற்பாரா, வாங்குவாரா என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள் நான். அந்த வாய்க்கு இது வேண்டியதுதான்.

விமூத்தியே ஊரிலிருந்து மேடேறிப் போனால் ஆறாவது வளைவில் அவர் வீடு. பின்னால் பன்னிரண்டு ஆப்பிள் மரங்கள், முன்னால் ரோடு, சுற்றிலும் புல்வெளி. அவருக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்தாறு வருஷம் பால் லாரி ஓட்டியவர். தினம் நாற்பத்தொரு பண்ணை. தொட்டியில் குழாயை மாட்டிவிட்டுப் பால் ஏறி முடிகிற வரைக்கும் அந்த வீட்டு அடுப்படியில் நிற்பார். ஒரு வாய் காப்பி, ஒரு வாய் வம்பு. எந்தப் பசு சினை, எந்த மருமகள் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நாய்களின் பெயர்கூட ஒன்று விடாமல் தெரியும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளும் அஞ்சு மணிக்கு எழுந்து, உடுத்திக்கொண்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாராம்.

"அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் வாயே தொறக்கல மதாம். அப்புறம் ஒரு தும்மல் வந்துச்சு. அப்பதான் என் சத்தம் எனக்கே கேட்டுச்சு," என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டியது, அந்தப் பெண்ணுக்கு ஊரை விட்டு எங்கேயோ தபால் ஆபீஸில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. மேட்டில் இருந்த மளிகைக் கடையை மூடிவிட்டார்கள். ரொட்டி வண்டி வாரம் மூன்று நாள் வந்து ஹார்ன் அடிக்கும், இரண்டு நிமிஷம் நிற்கும், போய்விடும். தபால்காரப் பெண் காரை விட்டு இறங்காமலே வாசல் பெட்டியில் கடிதத்தைச் செருகிவிட்டுப் போவாள். நாற்பத்தொரு பண்ணையில் இப்போது பால் கறப்பது ஆறில்தான்.

மாவுத் தட்டில் ஆப்பிளை அடுக்கிச் சுடும் அந்த டார்ட் விஷயத்தில் தப்பு என்னுடையது. வீட்டை விற்பனைக்குப் பதிவு செய்த அன்றைக்கு, எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

"ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி அடுப்புல எதாவது வச்சு எடுத்துடுங்க முசியே. கேக்கோ, டார்ட்டோ. வாசனைல பாதி வீடு வித்துடும்."

"எனக்கு முட்டை வேக வைக்கத்தான் தெரியும்."

"மாவு பாக்கெட் பின்னாடி எல்லாம் எழுதியிருக்கும். பார்த்துப் பண்ணுங்க."

பார்த்துத்தான் பண்ணினார். முதல் டார்ட் ஓரமெல்லாம் கரி, அடியில் பச்சை மாவு. முகத்தைச் சுளிக்காமல் தின்று முடித்தேன். ஆறாவது தடவைக்குள் கை பழகிவிட்டது. மேஜைமேல் மாவைக் கொட்டி, நடுவில் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, விரல் நுனியால் மணல் மணலாக உதிர்ப்பார். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை, தெளித்தாற்போலத் தண்ணீர். உருட்டி ஒரு மணி நேரம் குளிரில் வைப்பார். சூடான கைக்கு இந்த மாவு வராதாம், வெண்ணெய் உருகிவிடுமாம். "என் கை எந்நேரமும் பால் குழாயைப் புடிச்ச கை. பொணத்து கை மாதிரி சில்லுனு இருக்கும்," என்று வீடு பார்க்க வந்த ஒரு அம்மாளிடம் நீட்டிக் காட்டினார். அவள் பயந்துபோய்த் தொட்டுப் பார்த்தாள். அவருக்கு ஒரே சந்தோஷம்.

மாவை ஆப்பிள் மதுவான சைடரின் காலி பாட்டிலால்தான் தேய்ப்பார், உருட்டுக்கட்டை வாங்கவே இல்லை. சொந்த மரத்து ரெனெத் ரக ஆப்பிளைத் தோல் சீவி, மெல்லிய பிறையாக நறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வட்டமாக அடுக்குவார்.

ஆனால் நான் சொன்னதில் ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை. ஆட்கள் வருவதற்கு முன்னால் சுட்டு எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நான் சொன்னது. அவரோ வாசல் மணி அடித்த பிறகுதான் டார்ட்டை அடுப்புக்குள் தள்ளுவார். வேக நாற்பது நிமிஷம். ஆற இருபது நிமிஷம். அதற்கு முன்னால் கத்தி வைத்தால் உடைந்துவிடும் என்பார். ஒரு வீட்டைக் காட்ட எனக்கு இருபத்தைந்து நிமிஷம் போதும். அவர் வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஆகும். வேகிற டார்ட்டை விட்டுவிட்டு எழுந்துபோக எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மனசு வராது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கால்ல வெந்நீர ஊத்திக்கிட்ட மாதிரி நிக்காதீங்க மதாம் செவ்ரீன். உக்காருங்க," என்பார்.

மேட்டுப்பக்கத்து வீடுகளை நான் வியாழக்கிழமைகளில் காட்டுவது வழக்கம். இப்படிப் பதினேழு மாதமாக வியாழன் மதியம் இரண்டு மணிக்கு அவருடைய சமையலறையில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பார்கள், தின்பார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று போவார்கள். அப்புறம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்டோபரில் பெனார் தம்பதியை அழைத்துப்போனேன். அவர் கால்நடை மருத்துவர், அவள் பள்ளிக்கூட டீச்சர். நல்ல மனிதர்கள். டார்ட் வெந்துகொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது, தோட்டத்துப் பக்கம் போனேன். பேசி முடித்துத் திரும்பும்போது சமையலறை ஜன்னல் வழியாக ஓவ்ரேயின் குரல் கேட்டது.

"கீழறையில பிப்ரவரி வந்தா முழங்கால் வரைக்கும் தண்ணி நிக்கும். மதாம் உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டாங்க, பாவம், அவங்க பொழப்பு அப்படி. உத்தரத்துல பூச்சி வேற. ராத்திரியில அது கடிக்கிற சத்தம் கேக்கும்."

அந்தக் கீழறையில் தோல் செருப்பை மூன்று குளிர்காலம் போட்டு வைத்தாலும் பூஞ்சை பிடிக்காது. அவ்வளவு காய்ந்த இடம். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. உள்ளே போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் பெனார் பேசினார்.

"தண்ணி, பூச்சி எல்லாம் சரி பண்ணிக்கலாம் முசியே. எங்களுக்கு வீடு புடிச்சிருக்கு. நீங்க கேட்ட விலையே தர்றோம். பேரமே இல்ல."

ஓவ்ரே முகத்தில் ரத்தமே இல்லை. அடுப்புக் கதவைத் திறந்தார், மூடினார்.

"இன்னும் பத்து நிமிஷம் வேகணும்," என்றார்.

"எப்ப காலி பண்ணுவீங்க?" என்று அந்த டீச்சர் அன்பாகத்தான் கேட்டாள்.

அவர் துணியை எடுத்து அடுப்புக் கதவைத் துடைக்க ஆரம்பித்தார். கேட்ட விலை வந்தாகிவிட்டது, வீட்டை விற்கச் சொல்லி அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தத் தாள் என் பையில் இருந்தது. நான் நெருக்கியிருந்தால் அவர் போக வேண்டியதுதான். எங்கே போவார்? பெனார் தம்பதியை நாளைக்குப் பேசலாம் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு டார்ட்டை ஒருவரும் வெட்டவில்லை.

"ஏன் முசியே இப்படிப் பண்ணீங்க? பதினேழு மாசமா என்னைப் பைத்தியக்காரி ஆக்கிருக்கீங்க!"

"கோவப்படாதீங்க. வேற எப்படி கூப்புடுவேன்? ரோட்டுல போற வண்டிய நிறுத்தி, உள்ள வாங்க, டார்ட் சாப்பிடுங்கன்னா எவன் வருவான்? வீடு விக்குறேன்னாதான் வர்றாங்க."

தாளை எடுத்து அவர் கண்முன்னே கிழித்தேன். வாசலுக்குப் போய் எங்கள் நிறுவனத்தின் விற்பனைப் பலகையைப் பிடுங்கி காரில் போட்டேன். அவர் மாவு அப்பிய கையோடு படியில் நின்றார்.

"அப்ப வியாழக்கிழமை யாரும் வரமாட்டாங்களா?"

"வீடு விக்கலேன்னா உங்க வீட்டுக்கு எவன் எதுக்கு வருவான்?" என்றேன்.

சொன்னது உண்மைதான். அதனால்தான் சொல்லியிருக்கக் கூடாது. கார் அடுத்த வளைவைத் தாண்டுவதற்குள்ளேயே எனக்கு அது உறைத்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. எனக்கு ரோஷம் அதிகம். பெனார் தம்பதிக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் காரிலேயே ஒரு சாண்ட்விச்சைத் தின்றேன், குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டபடி. எப்போதும் அப்படித் தின்கிறவள்தான். ஆனால் அன்றைக்குப் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன். இந்தப் பதினேழு மாதத்தில் நான் மேஜையில் உட்கார்ந்து, எதிரில் ஒரு மனிதர் இருக்க, தட்டில் வைத்துச் சாப்பிட்டதெல்லாம் வியாழக்கிழமைகளில் மட்டும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

நாலாவது வியாழக்கிழமை ஒரு வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு, நல்ல சைடர் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு மேடேறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். வீடு பார்க்க வரவில்லை, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்வதாக இருந்தேன்.

ஆறாவது வளைவில் அவர் வாசலில் புதிதாக ஒரு பலகை. வேறு நிறுவனத்தின் பலகை. ஜன்னலுக்குள் ஃபாப்ரிஸ் உட்கார்ந்திருந்தான். எங்கள் தொழில்காரன்தான், ஒரே சந்தையில் மோதிக்கொள்கிறவர்கள் நாங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் யாரோ ஒரு கணவன் மனைவி. ஓவ்ரே முதுகைக் காட்டியபடி அடுப்புப் பக்கம் குனிந்து என்னவோ சொல்ல, அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நான் காரை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை ஃபாப்ரிஸ் போன் பண்ணினான்.

"செவ்ரீன், அந்த ஓவ்ரே வீடு முன்னாடி உங்கிட்டதானே இருந்துச்சு? எதாவது வில்லங்கமா? உண்மையச் சொல்லு. இது விக்குமா விக்காதா?"

"விக்கும்," என்றேன். "அவசரப்படாத. வாராவாரம் ஆளைக் கூட்டிட்டுப் போய்க்கிட்டே இரு."

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம் போயிடுதும்மா!"

"போகட்டும். உக்காந்து சாப்பிடு."

போனை வைத்தேன். அவன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஓவ்ரே செய்ததைப் போல நானும் செய்து பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் விற்கிறேன் என்று பலகை மாட்ட என்னிடம் ஒரு வீடுகூட இல்லை. நான் இருப்பது வாடகைக்கு.