முனகலைக் கேட்டு ஓட்டியவர்

குளத்தூர்ப் பக்கம் ஓர் அணைக்கட்டுப் பணிக்கு நான் மேற்பார்வை அதிகாரியாக இருந்தபோது, எங்கள் ஜீப்பை ஓட்டியவர் மெலிந்த, வெற்றிலைக் கறை படிந்த உதடுகளை உடைய மனிதர். தலையைச் சற்றே சாய்த்து, எஞ்சினின் ஒலியைக் கேட்டபடியே ஓட்டுவது அவர் வழக்கம்.

ஒரு நண்பகலில் பாறை உருண்டு, கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவர் அதன்கீழ் நசுங்கினார். என் பொறுப்பில் எவரும் இறந்ததில்லை என்ற பெயரைக் காத்துவந்தவன் நான். ஜீப்பின் பின்புறம் அவரைக் கிடத்தி, தலையை மனைவியின் மடியில் வைத்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். தார்ச்சாலையை எட்டும்வரை தடம் முழுவதும் பாறைதான். சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் முனகினார்.

"பள்ளம் பார்த்து ஓட்டக் கூடாதா?" என்று ஓட்டுநரைக் கடிந்துகொண்டேன்.

"முனகட்டுங்க சார். முனகுற வரைக்கும் உசிரு இருக்குங்க."

"நீங்க ஓட்டுங்கண்ணே," என்றாள் அடிபட்டவரின் மனைவி. "வீட்டுல வாயத் தொறக்காத மனுசன். இன்னைக்காச்சும் சத்தம் போடட்டும்."

தார்ச்சாலையில் ஏறியதும் குலுக்கல் அடங்கியது, முனகலும் நின்றது. வலி தணிந்ததென்று எண்ணினேன். ஓட்டுநரோ, சாலையோர ஜல்லிக் குவியலின் விளிம்பில் வேண்டுமென்றே ஒரு சக்கரத்தை ஏற்றி இறக்கினார். பின்னால் ஒலி எழவில்லை. அடுத்த குவியலிலும் ஏற்றினார்.

"போதும்ண்ணே," என்றாள் அந்தப் பெண். "இனி மெதுவாப் போங்க."

அவர் மெதுவாகவே ஓட்டினார். இரண்டாம் முறை எதை எதிர்பார்த்து ஏற்றினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.