சாமியாத்தாள் வைத்த நிபந்தனை

கோவை கணபதியில் மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடையும் பட்டறை ஒன்றில் சாமியாத்தாளுக்குப் பன்னிரண்டு வருட வேலை. இரும்புச் சுருளைக் கூட்டிப் பெருக்க வந்தவள், மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டு, இன்று சரக்கைச் சோதித்து அறிக்கையில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்திருக்கிறாள். பத்தாவது பாஸ். வயது நாற்பத்து நான்கு. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட வாசல் தாண்டாது. அந்தக் கையெழுத்தின் மானத்தைத்தான் இந்த ஆடியில் வாங்கிவிட்டார்கள்.

முதலாளி அரங்கசாமி கெட்டவர் அல்ல. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உள்ள வியாதி அவருக்குக் கொஞ்சம் முற்றிப் போயிருந்தது. எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது, முடியாது என்ற சொல் வாயில் வரவே கூடாது. எதற்கும் "பண்ணிக்கலாமுங்க" என்று சொல்லிவிட வேண்டியது, அப்புறம் ராவும் பகலுமாகக் கிடந்து சாக வேண்டியது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி பாதி வேலையில் இரண்டு தடவை டிராயிங்கை மாற்றியது. இரண்டு தடவையும் இவர் நோ பிராப்ளம் மேடம், அதே தேதி என்றார். அவசரத்தில் கடைந்த அறுநூறு ஷாஃப்டிலும் பேரிங் ஏறும் இடம் மயிரிழை பருத்து நின்றது. சாமியாத்தாள் அளந்து காட்டினாள். "பாத்துப் போட்டுக் குடுத்துரு அம்மணி" என்றார். இத்தனை வருட முதலாளி கேட்கிறாரே என்று அவளும் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். அத்தனை சரக்கும் திரும்பி வந்தது.

வியாழக்கிழமைதோறும் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் அம்மா ஒருவரோடு கம்ப்யூட்டரில் பேச்சு நடக்கும். அந்த வாரம் அரங்கசாமி இங்கிலீஷில் என்னவோ நீளமாகச் சொன்னார். நடுவில் சாமியாத்தாள் பெயர் வந்தது. திரையில் இருந்தவரும் அறையில் இருந்தவர்களும் ஒருசேர அவளைப் பார்த்தார்கள். ஒன்றும் புரியாமல் அவள் சிரித்து வைத்தாள். தப்பெல்லாம் சரக்கைச் செக் பண்ணிய சாமியாத்தாளுடையது என்று அவர் சொன்னதை, ஆபீஸ் பெண் நேஹா பிறகுதான் சொன்னாள். தன் தலையில் பழி விழுவதைப் பார்த்துத் தானே சிரித்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

அடுத்த திங்கட்கிழமையே பக்கத்துத் தெரு சர்ச் ஹாலில் நடக்கும் இங்கிலீஷ் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுக்கும் லின்சிக்கு இருபத்தாறு வயது, பகலில் சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் வேலை. மற்றவர்கள் பெயர், ஊர் சொல்லப் பழகிக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு அதெல்லாம் வேண்டாம்.

"இப்படிப் பண்ணுனா இப்படி ஆகும்னு சொல்லோணுங்க மிஸ். அத மட்டும் தப்பில்லாமச் சொல்லிக் குடுங்க."

லின்சி பலகையில் மூன்று வகை எழுதினாள். நடக்கக்கூடியது ஒன்று, சும்மா நினைத்துப் பார்ப்பது ஒன்று, இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்கும் என்று நடந்துபோனதைப் பேசுவது ஒன்று. சாமியாத்தாள் 'இஃப்' பக்கத்திலும் ஒரு 'வில்' போட்டாள். லின்சி அடித்தாள். மறுநாளும் போட்டாள், மறுநாளும் அடித்தாள். 'வில்' மற்ற பாதிக்குத்தான் என்பது மண்டையில் ஏற ஒரு மாதம் ஆனது. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கணவன் செங்கோடன் கேலி செய்தபோது, "இஃப் யூ லாஃப், யூ வில் குக்" என்றாள். இலக்கணம் சரியாக இருந்தது. அவர் அப்புறம் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. பாதிச் சரக்கைக் கடைந்து முடித்த பிறகு, டிராயிங் மறுபடி மாறுகிறது என்று அந்த அம்மா சொன்னார். அரங்கசாமி வழக்கம்போல நோ பிராப்ளம் என்று ஆரம்பித்தார். சாமியாத்தாள் நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், இஃப் யூ சேஞ்ச் த டிராயிங் டுடே, வி வில் நீட் டென் மோர் டேஸ். இஃப் யூ வான்ட் த சேம் டேட், வி வில் மேக் த ஓல்டு டிராயிங்."

அந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டு, பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போன முறையும் இப்படிச் சொல்லியிருந்தால் காத்திருந்திருப்போமே என்றும் சொன்னார். சாமியாத்தாளுக்கு அது சொல்லுக்குச் சொல் புரிந்தது. அரங்கசாமி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை அணைந்ததும், நான் இருக்கும்போது நீ எப்படிப் பேசலாம் என்று பாய்ந்தார். அவள் அறிக்கைப் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"அளவு சரியா இருந்தாத்தான் இனிமே கையெழுத்துப் போடுவேனுங்க. இல்லீன்னா நீங்களே போட்டுக்குங்க. இன்னொருக்கா எம் பேர்ல பழி போட்டீங்கன்னா, நடந்தத அந்தம்மாகிட்ட நானே இங்கிலீஷ்ல சொல்லிப்போடுவேனுங்க."

"எனக்கே கண்டிசன் போடறயா?"

"ஆமாங்க."

அரங்கசாமி எழுந்து போய், சுவர்ப் பலகையில் எழுதியிருந்த, சரக்கு அனுப்பும் தேதியை அழித்தார். புதுத் தேதியை அவளைக் கேட்டுத்தான் எழுதினார்.