மயிலோடு மல்லுக்கு நின்ற சடையண்ணன்

செம்மேட்டுச் சந்தையில் எடை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது சடையண்ணனின் மனைவி பாப்பாத்தி அக்கா. "பாய், எங்கூட்டுக்காரரு மிளகு பறிக்க ஏறுனவரு மரத்துல இருந்து உழுந்துட்டாருங்க. போயிட்டாருங்க" என்றார். தராசில் இருந்த மூட்டையை இறக்காமலே வளப்பூர் நாட்டுக்கு வண்டியை எடுத்தேன்.

சடையண்ணனை அறியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. அவரிடம் திட்டு வாங்காதவரும் இல்லை. மிளகு வாங்க சேந்தமங்கலத்திலிருந்து ஒரு தராசும் சில சாக்குகளுமாகப் பஸ்ஸில் மலையேறிய என்னிடம் முதன்முதலில் மிளகு போட்டவர் அவர்தான். "ஏமாத்துனீன்னா மலையில இருந்து உருட்டி உட்ருவேன் பாய்" என்று சொல்லித்தான் போட்டார். விளையாட்டுக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கும் மயில்களுக்கும் நடந்த சண்டையை ஊரே பார்த்தது. கூட்டமாக வந்து வீட்டுக்கூரையில் ஏறும்; ஓடு உடையும். வாசல், தின்னும் பாத்திரம், தண்ணீர்த் தொட்டி, காயப்போட்ட மிளகு, எங்கும் எச்சம். பட்டாசு வெடித்தார். கவண் எடுத்தார். மயிலுக்குக் குறிவைத்த கல் பக்கத்து வீட்டுத் தொட்டியை உடைத்தது. "முருகன் வாகனம்யா, அடிக்காதே" என்று யாரோ சொன்னதற்கு, "முருகன் ஏறுனா வாகனம். எங்கூட்டு மேல ஏறுனா எதிரி" என்றார்.

ஒரு வருஷம் அவர் மிளகை நான் வாங்க மறுத்தேன். காய்ந்து நொறுங்கிய எச்சம் மிளகோடு மிளகாகக் கலந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். கைநிறைய அள்ளி முகர்ந்துவிட்டுக் கொட்டினேன்.

"இது வேண்டாம்ண்ணா."

"மலையில எச்சம் படாத பண்டம் எங்கீங்க இருக்குது?"

"ஒரு மூட்டை நாறுச்சுன்னா என் சரக்கு மொத்தமும் திரும்பி வரும். அப்பறம் உங்க ஊரு மிளகயே ஒருத்தனும் தொடமாட்டான்."

அவர் சாக்கை எட்டி உதைத்தார். மிளகு முற்றமெங்கும் சிதறியது. அதை நம்பித்தான் மகளை நாமக்கல்லில் நர்சிங் படிப்பில் சேர்த்திருந்தார். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் நான் செய்தது சரிதான். இன்றைக்கும் அதையேதான் செய்வேன். மேல்காட்டில் பறிக்காமல் இருந்த மிளகு மட்டுமே இனி அவருக்கு மிச்சம். அதுவும் கெட்டால் மகள் படிப்பை விட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

அந்த மிளகைக் களத்தில் காயப்போட்டபோது அவர் சாமைச் சோற்றில் பூச்சிமருந்தைப் பிசைந்து வைத்தார். எனக்குத் தெரிந்தபோது, "மயிலத் தொட்டா ஜெயிலுண்ணா" என்றேன். "மயிலு என் மிளகத் தொட்டா யாருக்குங்க பாய் ஜெயிலு?" என்று கேட்டார்.

தன் கோழிகளையெல்லாம் கவனமாகப் பஞ்சாரத்தில் அடைத்திருந்தார். ஆனால் அந்த ஊரில், சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் யார் வாசலிலும் மேயலாம். அதை விரட்டக் கூடாது; பிடித்து அடைக்கவும் கூடாது. அடைக்க வேண்டிய கோழிகளை எண்ணியவருக்கு அடைக்கக் கூடாத கோழியின் நினைப்பு வரவில்லை. மயில் ஒன்றும் சாகவில்லை. சேவல் செத்தது.

அது பாப்பாத்தி அக்காவின் தம்பி காளியப்பன் நேர்ந்துவிட்ட சேவல். அவன் மனைவிக்கு இருமுறை கரு கலைந்து, மூன்றாவது நிறைமாதமாக நின்ற நேரம்.

மிளகு காய்ந்த பதம் பார்க்க அன்று காலையில் நான் களத்தில் இருந்தேன். காளியப்பன் செத்த சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்த வேகத்தில் அதை வைத்தே சடையண்ணன் முகத்தில் அறைந்தான்.

"எம் பொண்டாட்டி வயித்துக்கே மருந்து வெச்சுட்டியே மாமா! நீ மனுசனா?"

"தெரியாம ஆயிருச்சு மாப்ளே..."

"உனக்கு எதுதான் தெரிஞ்சுது?"

கீழே கிடந்த மண்வெட்டிக் காம்பை எடுத்து மண்டையில் போட்டான். சடையண்ணன் வேலி கட்ட முள் வெட்டிக்கொண்டிருந்தவர், கையில் கொடுவாள். நெற்றி ரத்தம் கண்ணை மறைக்க, அவர் கை தானாக ஓங்கியது. பின்னாலிருந்து இடுப்பைக் கட்டினேன். அவர் முழங்கை என் வாயில் இடித்துப் பல் ஒன்று ஆடிப்போனது. பிடி நழுவியது. காளியப்பன் தடுக்க நீட்டிய இடது கையிலிருந்து சுண்டுவிரல் துண்டாகி மிளகின் மேல் விழுந்தது. தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவே விழுந்து அலறினார் பாப்பாத்தி அக்கா.

இருவரையும் என் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். பின்னால் பேச்சுக் கேட்டது.

"வலிக்குதா மாப்ளே?"

"வாய மூடுய்யா."

ஆஸ்பத்திரியில் கேட்டதற்குக் காளியப்பனே முந்திக்கொண்டான். "பலாக்காய் வெட்டறப்ப பட்டுருச்சுங்க." மாமன் மண்டை எப்படி உடைந்தது என்றதற்கு, "அந்தக் காய்தான் அவரு மேல உழுந்துச்சுங்க" என்றான். டாக்டர் என் உதட்டையும் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

அதன்பின் குழந்தை பிறக்கும்வரை சடையண்ணன் கொடுவாளைத் தொடவில்லை. காளியப்பன் வீட்டில் ஏதாவது ஆகியிருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார் என்று பாப்பாத்தி அக்கா என்னிடம் சொன்னார். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. அதைப் பார்க்க அவர் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

அடுத்த பருவத்தில் மூங்கில் நட்டுக் களம் முழுக்க வலை கட்ட இறங்கினார். வலையை ஒற்றை ஆளாக இழுத்துக் கட்ட முடியாது. ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனைக்கு ஓடுவார். முதல் முனை அவிழ்ந்துவிடும். இதை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காளியப்பன் உள்ளே வந்து வலையைப் பிடுங்கினான்.

"தள்ளு மாமா. ஒரு விரலு கொறஞ்சாலும் உன்னையவிட நல்லா முடி போடுவேன்."

அவர் மறுமுனையைப் பிடித்தார். அந்தப் பருவத்து மிளகை முகர்ந்து பார்த்து மொத்தமாக எடுத்துக்கொண்டேன். அதுவரை கடனில் ஓட்டிய படிப்பை மகளும் முடித்தாள். மயில்கள் மட்டும் கடைசிவரை ஓடுகளை உடைத்தபடியே இருந்தன.

அவர் கோபம் குறைந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பழக்கம் வந்தது. கோபம் ஏறினால் கையிலிருப்பதை முதலில் தரையில் வைப்பார். அரிவாளோ, குடையோ, டீ கிளாஸோ, எதுவானாலும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். "கையி காலியா இருந்தா வாயி எவ்வளவு வேணா பேசலாம் பாய்" என்பார். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தால் கடையில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

பாடையின் முன்பக்கத்தைக் காளியப்பன்தான் தூக்கினான். நான்கு விரல்களால் மூங்கிலை இறுக்கிப் பிடித்திருந்தான்.

போன வாரம் ஒரு தரகர் என் கடையில், நாலு பேர் முன்னால் என்னைத் திருடன் என்றார். என் கையில் எடைக்கல் இருந்தது. அதை மெதுவாக மேசைமேல் வைத்தேன். அதன்பிறகு நான் திட்டியது செம்மேடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாம்.