செடிக்கு அடிக்கும் மருந்தை என் மகள் பூசிக்கொண்டாள்

நாகலூர் அருகே மலைக் காப்பித் தோட்டமொன்றில் என் கணவர் கணக்கெழுதும் ரைட்டர். சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகளின் விடுமுறைக்காக ஏங்கிக் கிடந்தேன். வந்தவளோ என் பக்கத்திலேயே வரவில்லை.

"கிட்ட வா கண்ணு."

"வேண்டாங்கம்மா. அக்குள்ல நொம்ப நாத்தமுங்க, குளிச்சாலும் போகல. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க மூக்கப் புடிக்கறாங்க."

அன்று சாப்பிடும்போது கணவர், காப்பி இலைநோய்க்கு அடிக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தைப் புகழ்ந்தார். "அது பட்டா எந்தப் பீடையும் நிக்காது."

மறுநாள் குளியலறையில் அலறல். தோட்டத்துப் பீப்பாயிலிருந்து அந்த மருந்தை எடுத்துவந்து இரு அக்குளிலும் பூசியிருந்தாள். தோல் சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் தோட்டத்து மருந்தகக் கம்பவுண்டரிடம் ஓடினோம்.

"ஏனுங்க, செடிக்கு அடிக்கறதப் புள்ளைக்குப் பூசுவாங்களா? உடனே கழுவுனதால தப்பிச்சுது" என்றார். நாற்றம் போகத்தான் பூசினாள் என்று சொன்னதும், அவளுடைய ரவிக்கையை முகர்ந்தார். "காயாத துணியிலதானுங்க நாத்தம் ஒட்டியிருக்குது."

மூடுபனியில் பாதி காய்ந்த ரவிக்கைகளை மடித்துப் பெட்டியில் வைத்து விடுதிக்கு அனுப்பியவள் நான்தான்.

இந்த முறை அவற்றைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி, நல்ல வெயில் பட்ட பிறகே பெட்டியில் வைத்தேன். மகள் சேலத்துக்குத் திரும்பிவிட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அடுத்த முறை அவள் விலகி உட்கார்ந்தால், கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டேன். நானே எழுந்துபோய் அவளை அணைத்துக்கொள்வேன்.